பின் சீட்டுக்காரன்

எனக்குச் சைக்கிள் பிடிக்காது. லிஃப்ட் பழுதுபார்ப்பவனுக்கு மேலே போவதும் கீழே வருவதும்தான் தொழில். வியர்க்க வியர்க்க முன்னால் போவதில் என்ன சுகம் என்று இதுவரை புரிந்ததில்லை. ஆனாலும் ஐந்து நாள் விடுப்பு போட்டு, கம்பெனி வேனை இரவல் வாங்கி, ஒரு பெரிய சைக்கிள் கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனேன். முன்னால் போனவர்கள் என் மனைவியும் அவள் தம்பியும்.

மச்சினன் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். ஒட்டிக்கொண்டிருந்தவன் என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் யாரோ வீட்டுக் குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூலைக் கல்லைப் பதித்தான். எழுந்திருக்க முடியவில்லை. குழாயைப் பிடித்துத் தொங்கினான், குழாய் கையோடு வந்துவிட்டது. வீட்டுக்காரர் குழாய்க்காகச் சண்டை போட்டார். தசை மெலிகிற நோய் என்று பிறகு டாக்டர் சொன்னார். முதலில் தொடை, அப்புறம் கெண்டைக்கால், அப்புறம் மற்றவை. மருந்து உண்டா என்று கேட்டோம். "ஆராய்ச்சி நடந்துட்டிருக்கு. அதுவரைக்கும் தினமும் பயிற்சி செய்யணும், விட்டுடக் கூடாது" என்றார்.

அந்த ஆராய்ச்சிக்குத்தான் இந்தச் சைக்கிள் பயணம். ஆண்டுக்கொரு முறை, தெரிந்தவர்களிடமெல்லாம் நன்கொடை திரட்டிக்கொண்டு ஐந்து நாள் மிதித்து, கடைசியில் ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் போய் இறங்குவார்கள். மிதிப்பதற்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம், நன்கொடையைக் கொடுத்துவிட்டு வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாமே என்று கேட்டேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வேன் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.

மச்சினன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான்.

"என்னை மூட்டை மாதிரி ஏத்திட்டுப் போகக் கூடாது. நானும் மிதிப்பேன். என்னைக்கு என் கால் மிதிக்கலையோ, அன்னைக்கே இறங்கி மாமா வேன்ல ஏறிடுவேன். அதோட எல்லாத்தையும் விட்டுடுவேன். பயிற்சி, கியிற்சின்னு யாரும் என்கிட்ட வரக் கூடாது."

விட்டுவிடுவேன் என்றால் விட்டுவிடுவான். ஒரு கல் கோணலாகிவிட்டால் மொத்தத் தரையையும் பெயர்த்துப் போடுகிற ரகம். அவன் வேனில் ஏறக் கூடாது என்பதுதான் என் மனைவியின் ஒரே வேண்டுதல். வேன் ஓட்டுகிறவனுக்கும் அதே வேண்டுதல்தான், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

அதனால் நீளச் சைக்கிள் ஒன்று வாடகைக்கு வந்தது. இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி மிதி. முன்னால் அக்கா, ஹேண்டில்பார், பிரேக், கியர் எல்லாம் அவள் கையில். பின்னால் தம்பி. இதில் ஒரு சங்கதி இருக்கிறது. முன் மிதியிலிருந்து ஒரு சங்கிலி பின் மிதிக்குப் போகிறது. பின் மிதியிலிருந்து இன்னொரு சங்கிலி சக்கரத்துக்குப் போகிறது. ஆக, நாலு காலும் ஒன்றாகத்தான் சுற்றும். அக்கா மிதித்தால் தம்பி தூங்கினாலும் அவன் கால் சுற்றும். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் மும்முரமாக மிதிப்பது போலத்தான் தெரியும்.

முதல் நாள் இரண்டு பேரும் நிஜமாகவே மிதித்தார்கள். மேடு வந்தால் அவள் "மிதிடா!" என்று கத்துவாள். "மிதிக்கிறேன்க்கா!" என்று அவன் கத்துவான். என் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வாடிக்கையாளரிடம் "இந்த எழுத்து தெரியுதாங்க?" என்று குழைந்து பேசிப் பழகிய தொண்டையில் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் மதியம் மரத்தடியில் எல்லோரும் வாழைப்பழமும் அவித்த முட்டையும் தின்றுகொண்டிருந்தார்கள். மச்சினன் வேனின் பின்கதவில் சாய்ந்து உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒண்ணு சொல்றேன். அக்காவுக்குத் தெரியக் கூடாது."

"சொல்லு மாப்ள."

"காலையிலிருந்து என் கால் மிதிக்கல. சும்மா சுத்துது."

நான் முட்டையின் ஓட்டை உரித்துக்கொண்டே இருந்தேன். "அப்ப இறங்கிடறதுதானே? நீ போட்ட கண்டிஷன்தானே அது?"

"இறங்கிடலாம். ஆனா நான் மிதிக்கிறேன்னு நம்பித்தான் அவ அந்த மேட்டையெல்லாம் ஏறுறா. நான் இறங்கினா அவ அங்கேயே உட்கார்ந்து அழுவா. வாசல் வரைக்கும் நடிச்சுடறேன் மாமா. அதுக்கப்புறம் இறங்கினா இறங்கினதுதான்."

அன்று சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். குழாயடியில் மனைவி பனியன்களைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். முழங்காலில் துணி சுற்றியிருந்தது.

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? அவன் மிதிக்கல."

"அப்படியா?" என்றேன். நடிப்பு எனக்கு வராது. நல்லவேளை, அவள் பனியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னால இருக்கறவளுக்குத் தெரியாதா? மேட்டுல ஏறும்போது என் முட்டியே சொல்லுது. ஆனா நீங்க வாயைத் திறக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் வேன்ல வந்து உட்கார்ந்துடுவான்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது வாங்குகிற அடிக்குச் சத்தம் போடலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை. அக்கா முழுப் பூசணிக்காயைத் தம்பியின் சோற்றில் மறைத்தாள், தம்பி அதே பூசணிக்காயை அக்காவின் சோற்றில் மறைத்தான். பரிமாறுகிற வேலை எனக்கு.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் இப்படியே போயின. காலையிலிருந்து மாலை வரை வேன் கண்ணாடிக்கு முன்னால் இருந்தது மச்சினனின் முதுகுதான். சினிமாப் பார்க்க வந்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கீழே கால்கள் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தன. தாண்டிப் போகிறவர்கள் "சபாஷ் அண்ணே, சூப்பரா மிதிக்கிறீங்க!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் தலை இன்னும் கொஞ்சம் குனியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கியர்மேல் கோபப்பட்டேன். நாலாம் நாள் சாயங்காலம் அவன் பயிற்சி செய்ய மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் ஒரு நாளில் இவன் எங்கள் கையைவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன்.

கடைசி நாள் காலையில் நான் ஒரு வேலை செய்தேன். இரண்டு மிதிகளையும் இணைக்கிற அந்தச் சங்கிலி எனக்கு ரொம்ப இறுக்கமாகப் பட்டது. பயணத்தோடு வருகிற சைக்கிள் மெக்கானிக், "அதை மட்டும் தொடாதீங்க சார், கழண்டுடும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் எத்தனை லிஃப்டுக்குக் கம்பி கட்டியவன்! கொஞ்சம் தளர்த்தினால் மனைவியின் முட்டிக்கு இதமாக இருக்குமே என்று ஸ்பேனரை எடுத்துத் தளர்த்திவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

மதியத்துக்குள் நகரத்துக்குள் நுழைந்துவிட்டோம். ஆராய்ச்சிக்கூடத்தின் மதில் ஓரமாக நேரான, சமமான தெரு. கடைசியில் வாசலும் அங்கே நிற்கிற கூட்டமும் தெரிந்தன. வழியில் குழாய்க்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் ஒன்று. நீளச் சைக்கிள் அதில் இறங்கித் தூக்கிப் போட்டது. முன் சங்கிலி கழன்று தொங்கியது.

இப்போது அக்காவின் மிதிக்கும் சக்கரத்துக்கும் எந்த உறவும் இல்லை. அவள் கால்கள் காற்றில் பரபரவென்று சுற்றின. பின் மிதி மட்டும் சக்கரத்தோடு இருந்தது.

"சங்கிலி போச்சுடா!" என்று அலறினாள். சைக்கிள் வேகம் குறைந்து ஆட ஆரம்பித்தது. அவள் காலை ஊன்றப் போனாள்.

"ஊனாத! கியரைக் குறை!"

அது அவன் குரல். நாலு நாளாக நிமிர்ந்திருந்த முதுகு சட்டென்று குனிந்தது. இடது தோள் இறங்கியது, பிறகு வலது தோள். ஆட்டம் நின்றது. சைக்கிள் நகர்ந்தது. நடந்து போன ஓர் அம்மா காய்கறிப் பையோடு அவர்களைத் தாண்டிப் போனார், அந்த வேகம்தான். ஆனால் நகர்ந்தது.

நான் ஹார்ன் அடித்து நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சங்கிலியை மாட்ட எனக்கு இரண்டு நிமிடம் போதும். என் பின்னால் வந்த வண்டிகள் ஊரையே கூட்டுகிற மாதிரி ஹார்ன் அடித்தன. நான் அடிக்கவில்லை. சன்னலை இறக்கி விட்டுக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்தேன்.

"அக்கா," என்றான் மச்சினன் மூச்சு வாங்க, "நீ ரொம்பக் கனம்."

"நீ மட்டும் பஞ்சா? நாலு நாளா இழுக்கறவளைக் கேளு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முதுகு விறைத்தது. தொலைந்தது, இறங்கிவிடப் போகிறான் என்று பிரேக்கின்மேல் காலை வைத்தேன்.

அவன் தோள் இறங்கியது, ஏறியது. நிற்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாம் நாளே தெரியும்."

"மாமா சொன்னாரா?"

"அவரா? அவருக்கே நான்தானே சொன்னேன்!"

"நானும்தான் சொன்னேன்!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சைக்கிள் ஒரு தடவை வளைந்து நிமிர்ந்தது. நான் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்வதில் முனைந்தேன்.

"அமுக்குணி மாமா," என்றான் மச்சினன். சிரித்தான். சிரித்துக்கொண்டே மிதிப்பது கஷ்டம் போலும். வேகம் இன்னும் குறைந்தது.

வாசலில் ஒரு வேகத்தடை. அதன் உச்சியில் வெள்ளைக் கோடு. அதுதான் முடிவு. வெள்ளை அங்கி போட்ட ஆராய்ச்சிக்காரர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். முன் சக்கரம் தடையில் ஏறி, கோட்டைத் தாண்டி இறங்கியது. பின் சக்கரம் வந்து முட்டி நின்றது. சைக்கிள் நீளம் அப்படி. அக்கா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி இந்தப் பக்கம்.

அவள் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள். அவன் அழுத்தினான். சக்கரம் அசையவில்லை. கால்சட்டைக்குள் தொடை நடுங்குவது எனக்கே தெரிந்தது. வேனைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின் சீட்டைப் பிடித்துத் தள்ளப் போனேன்.

"தொடாதீங்க!" அக்காவும் தம்பியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கையை எடுத்துக்கொண்டேன். அவன் இன்னொரு தடவை அழுத்தினான். கை தட்டல் மெல்ல ஓய்ந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த என் மனைவி திரும்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

மச்சினன் மூச்சு விட்டான். தலை நிமிர்ந்தான்.

"மாமா, சங்கிலிய மாட்டுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். இது உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலைன்னு எனக்குத் தெரியாதா? எதுக்கு ஹார்ன்கூட அடிக்காம பின்னாலேயே வந்தீங்கன்னும் தெரியும். எனக்கு இவ்வளவுதான் மாமா இருக்கு. மீதிக்கு அக்கா இருக்கா."

அத்தனை பேர் நடுவில் மண்டி போட்டேன். பல்சக்கரத்தில் சங்கிலியைக் கோத்து, காலையில் தளர்த்தியதை இறுக்கினேன். கண்ணைத் துடைத்த கையில் கிரீஸ் இருந்ததைக் கவனிக்கவில்லை. வாசலில் எடுத்த அந்த வருடத்துக் குழுப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஓரத்தில் ஒருவன் மட்டும் திருடன் போலக் கறுப்பு முகத்தோடு நிற்கிறான்.

"மிதிடா," என்றாள் அவள். இந்த முறை கத்தவில்லை.

"மிதிக்கிறேன்க்கா."

பின் சக்கரம் ஏறி, கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியது. யார் எவ்வளவு மிதித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. சங்கிலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.