மேல்சரிவின் ஒரே பீப்பாய்

"முந்நூறு பாட்டில்கூடத் தேறாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி! பேசாம பெரிய தொட்டியில ஊத்திடு."

கணவர் இதைச் சொல்ல ஆரம்பித்துப் பதினாலு மாதம் ஆகிறது. அவள் அந்த ஒரு பீப்பாய் ஒயினைத் தொட்டியில் ஊற்றவில்லை.

மலையின் மேல்சரிவில் நான்கே வரிசை மெர்லோ திராட்சை. டிராக்டர் ஏறாது. கீழ்ச்சரிவில் பறித்து முடித்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அங்கே பழுக்கும். தினமும் ஏறிப்போய், பழத்தின் விதையைக் கடித்துப் பார்த்து, "இன்னும் கசக்குது, நாளைக்குப் பாக்கலாம்" என்று இறங்கி வருவாள். மழை வந்தால் பழம் அழுகிவிடுமே என்று கணவர் மேகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் கூடை கூடையாக முதுகில் சுமந்து இறக்கியவரும் அவர்தான். அந்த ரோஷத்தில், அந்த ஒயினை அவர் ஒரு வாய்கூட ருசித்ததில்லை.

இன்று நகரத்திலிருந்து ஒயின் வியாபாரி வந்திருந்தார். அவர் இந்த ஒயினைத் தனியாக வாங்கிக்கொண்டால் பீப்பாய் பிழைக்கும், இல்லாவிட்டால் தொட்டிதான். புருஷனும் பெண்டாட்டியும் நேற்றே பேசி முடித்த பேச்சு அது.

எத்தனை ஒயின் ருசித்தாலும் வியாபாரி ஒன்றையும் விழுங்கமாட்டார். வாயில் உருட்டிப் பார்த்து வாளியில் துப்பிவிடுவார். கீழ்ச்சரிவுப் பழத்தில் போட்ட தொட்டி ஒயினையும் அப்படித்தான் துப்பினார். "பரவாயில்ல" என்றார்.

அவள் பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயில் எடுத்து ஊற்றினாள். கணவர் வாளியைத் தயாராக நீட்டினார். வியாபாரி அதை ஒதுக்கிவிட்டு விழுங்கினார்.

"அம்மா, இது யார் கை?"

"கை என்னோடது. முதுகு அவரோடது."

"பிரமாதம்! ஆனா முந்நூறு பாட்டிலை வச்சு நான் என்ன பண்ண? இதைத் தொட்டியில கலந்துடுங்க. மொத்தமும் ருசி ஏறிடும். நாலாயிரம் பாட்டிலையும் நானே எடுத்துக்கறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது கணவருக்கு. அவள் கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்தாள். பேச்சு என்றால் பேச்சுதானே!

"ஒரு நிமிஷம் சார். எதைக் கலக்கச் சொல்றீங்கன்னு நானும் பாத்துக்கறேன்" என்று கணவர் கிளாஸை வாங்கினார். குடித்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி குடித்தார்.

"கலக்கமாட்டோம் சார்."

"ஏங்க!" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. இத்தனை நாள் நீ பேசினே, இன்னிக்கு நான் பேசறேன்."

"காலையில போன்ல நீங்கதானே கலக்கறதா சொன்னீங்க?" என்றார் வியாபாரி.

"காலையில நான் குடிக்கலையே சார்!"

வியாபாரி சிரித்துவிட்டார். "சரி, தனியாவே குடுங்க. எத்தனை பாட்டில் வரும்?"

"இருநூத்தி எண்பத்தெட்டு" என்றாள்.

"இருநூத்தி எழுபத்தாறு" என்றார் கணவர். "ஒரு பெட்டி, பன்னிரண்டு பாட்டில், எங்க வீட்டுக்கு. அதைக் கேக்காதீங்க."

"அப்ப அடுத்த வருஷம் நாலு பீப்பாயா போடுங்கம்மா."

அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள். "மலை நாலு வரிசைதான் குடுக்குது சார். அதுக்கு மேல நான் கேக்கறதா இல்ல."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் கணவர், என்னமோ முதல் நாளிலிருந்து அந்தப் பீப்பாய்க்குக் காவல் இருந்தவரே அவர்தான் என்பது போல.