ஜோடித் தேர்வு

பத்து மணிக்குத் தேர்வு. ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்ரெஹெத்தின் போனில் செய்தி வந்து விழுந்தது. கோழித் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்தும் விடவில்லை, மன்னித்துக்கொள் என்று அவளுடைய தேர்வு ஜோடி டொரினா அனுப்பியிருந்தாள்.

 ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு ஒற்றை ஆளாகப் போக முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். டீச்சர் கில்லியன் ரிக்கார்டரைத் தட்டிவிட்டு மார்க் போடுவார். இன்று விட்டால் விட்டதுதான். கல்லூரிக்கு வரும் அரசுப் பணம் இந்த வருஷம் பாதியாகிவிட்டது. செப்டம்பரில் தொடங்கும் மேல் வகுப்பு ஒன்றே ஒன்று. இதில் தேறியவர்களுக்கு மட்டும் இலவசம். அதை முடித்தால்தான் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் பயிற்சி. கட்டணம் கட்டிப் படிக்க அவளுக்கு வழியில்லை.

போதாததற்கு அவள் புருஷன் ஹப்தோம் வேறு. இங்கே அவனுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் பேக்கரியில் வேலை. ஆகஸ்டில் மிடில்ஸ்பரோவைக் காலி செய்துகொண்டு பர்மிங்காம் போவதாக முடிவாகியிருந்தது. அங்கே அவனுடைய சித்தப்பா மகன் கெப்ரே கார் கழுவும் கடை வைத்திருக்கிறான். முடிவெடுத்தது அண்ணனும் தம்பியும், போனில். அப்ரெஹெத்துக்கு அது பாத்திரம் கழுவும்போது காதில் விழுந்த சேதி. பாஸ் செய்துவிட்டால் பேசிப் பார்க்க ஒரு பிடி கிடைக்கும் என்றிருந்தாள். அந்தப் பிடி இப்போது கோழித் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டுவிட்டது.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்த கில்லியன் விஷயத்தைக் கேட்டார். ஒரு கணம் யோசித்தார். பெஞ்சின் மறுகோடியில், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கட்டாயத்துக்காக வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஹப்தோம் உட்கார்ந்திருந்தான். அவனுடைய ஜோடி போன வாரம்தான் கிளாஸ்கோவுக்குக் குடிபோயிருந்தார்.

"நல்லதாப் போச்சு. நீங்க ரெண்டு பேரும் வாங்க," என்றார் கில்லியன்.

அப்ரெஹெத் கண்ணை மூடித் திறந்தாள். வகுப்பில்கூட அவனுக்கு நேர் எதிர் மூலையில்தான் அவள் உட்காருவாள்.

"யோனாஸ் அப்பா," என்றாள் தங்கள் தாய்மொழியான திக்ரிஞாவில், குரலைத் தணித்து. "கெடுத்துடாதீங்க."

"நான் என்னத்தைக் கெடுக்கப்போறேன்? நீ வளவளன்னு பேசாம இருந்தா சரி."

"பேசறதுக்குத்தான் மார்க்கே."

உள்ளே கில்லியன் அட்டையை நீட்டினார். தலைப்பு: அடுத்த வருஷத் திட்டம். ஒருவர் கருத்தை மற்றவர் கேட்டே ஆக வேண்டும்; கேட்காவிட்டால் மார்க் போய்விடும். ரிக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஹப்தோம் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அடுத்த வருஷம் நாம பர்மிங்காம்ல இருப்போம். அங்க வேலை இருக்கு," என்றான் ஆங்கிலத்தில். அதோடு அவன் சரக்கு தீர்ந்துவிட்டது. விளக்கைப் பார்த்தான். நெற்றி வியர்த்தது. வகுப்பில் மனப்பாடம் செய்த வாக்கியம் மெல்ல வெளியே வந்தது.

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

பதினாறு வருஷக் கல்யாணம். சொந்த ஊரான அஸ்மாராவை விட்டுக் கிளம்பிய அன்று அவன் இதைக் கேட்டதில்லை. வழியில் தங்கிய கார்ட்டூமில் கேட்டதில்லை. கடலில் படகேறும்போதும் கேட்டதில்லை.

எனக்கும் பர்மிங்காம் பிடிக்கும் என்று சொல்லிவிடலாம். ஒத்துப்போனாலும் மார்க் உண்டு. பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எனக்கு வர விருப்பமில்லை," என்றாள்.

கில்லியனின் பேனா நின்றது.

ஹப்தோமின் காது மடல் சூடேறியது. திக்ரிஞாவாக இருந்திருந்தால் இந்நேரம் கதவு அறைந்து சாத்தப்பட்டிருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் அவனுக்குக் கோபப்படத் தெரியாது. கில்லியன் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மரியாதை மட்டும்தான்.

"அப்படியா," என்றான். "ஏன்னு... சொல்ல முடியுமா?"

அவள் சொன்னாள். தடுக்கித் தடுக்கி, ஆனால் நிறுத்தாமல். "வியாழக்கிழமை காப்பகத்துல போய் உதவி பண்றேன். அங்க ஒரு குழந்தை அழுதா என்கிட்டதான் ஓடி வருது. எனக்கு அந்த வேலை வேணும். அதுக்குப் படிக்கணும். நீங்க போன இடத்துக்கெல்லாம் வந்தேன். இப்ப இந்த ஊரு எனக்குப் போதும்."

காப்பகத்துக்குப் போகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அழும் குழந்தையைப் பற்றித் தெரியாது. அவன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு விடாமல் எரிந்தது. பிறகு எந்தப் பாடத்திலும் இல்லாத ஒன்றைச் சொன்னான்.

"எனக்கும் பயம்தான். மறுபடி ஒரு புது ஊரு. கெப்ரேகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அப்ரெஹெத் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லலாம்," என்றாள்.

கில்லியன் ரிக்கார்டரை அணைத்தார். முடிவை இன்று சொல்ல அனுமதியில்லை என்று கறாராகச் சொன்னார். கதவு வரை வந்து, "செப்டம்பர்ல பாக்கலாம். ரெண்டு பேரையும்," என்றார்.

பஸ் நிறுத்தத்தில் காற்று ஆளைத் தள்ளியது.  ஹப்தோமின் போன் அடித்தது. கெப்ரே. வீடு பார்த்தாச்சு, அட்வான்ஸ் கொடுத்துடட்டுமா என்று அவன் கேட்டது அவள் காதிலும் விழுந்தது.

"இரு கெப்ரே. அவகிட்ட கேக்கணும்."

மறுமுனையில் சிரிப்பு. "என்ன அண்ணே, எப்பலேருந்து?"

"இன்னிக்குக் காலைலேருந்து," என்ற ஹப்தோம் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். இங்கே சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. திக்ரிஞாவில் அந்தக் கேள்வி அவனுக்கு இன்னும் பழகவில்லை. புருவத்தைத்தான் உயர்த்த முடிந்தது.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் அப்ரெஹெத், பக்கத்தில் வந்து நின்றுகொண்டு.