சத்தம் பத்தல

நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி வீட்டு ஸ்பீக்கர்கள் லேசுப்பட்டவை அல்ல. ஆளுயரத்தில் முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பக்கத்திலும் பின்னாலுமாக நான்கு. எல்லாமே நாலு ஓம்ஸ். எவ்வளவு கரண்டைக் கொட்டினாலும் இன்னும் கொண்டா என்று கேட்கும் பெருந்தீனிக்காரர்கள். சென்னையில் ஒரு கடையில் பார்த்த மாத்திரத்தில் மயங்கிப்போய் வாங்கி, பட்டாசு இறக்கிவிட்டுத் திரும்பிய தன் கம்பெனி லாரியிலேயே ஏற்றிச் சிவகாசிக்குக் கொண்டுவந்துவிட்டார். அவற்றுக்குக் கரண்டும் சத்தமும் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர் எது தோதானது என்ற யோசனை அப்புறம்தான் வந்தது. எந்தப் பெட்டியின்மேல் வாட்ஸ் எண் பெரிதாக அச்சடித்திருந்ததோ அதை வாங்கினார். பெட்டிமேல் அச்சடித்திருப்பதை எவ்வளவு நம்பலாம் என்று பட்டாசுக்காரருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் ஆசை யாரை விட்டது.

படத்தில் சண்டை சூடுபிடித்ததும் ரிசீவரும் சூடாகித் தானாக அணைந்துவிட்டது. மூன்று நாளாக அதே கதை. நாலாம் நாள் திருத்தங்கலில் ஆடியோ கடை வைத்திருக்கும் காளீஸ்வரனுக்கு ஆள் அனுப்பினார்.

காளீஸ்வரன் தொழில் தெரிந்தவன். பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு ஒன்றிரண்டு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டு அளந்தது என்றும், ஏழும் சேர்ந்து இழுத்தால் இது தாங்காது என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னான். நாலு ஓம்ஸ் தாங்கும் என்று எழுதிக்கொடுக்கிற, கனத்த டிரான்ஸ்பார்மர் வைத்த வேறொரு ரிசீவரைத் தேடிப்பிடித்து வரவழைத்தான். தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அண்ணாச்சி உட்காரும் நாற்காலியில், அவர் காது இருக்கும் உயரத்தில் ரிசீவரின் குட்டி மைக்கை வைத்து எல்லாவற்றையும் சரிபார்த்தான். மைக் ஒரு குறையும் சொல்லவில்லை.

அண்ணாச்சிதான் சொன்னார். இடி மாதிரி அடிக்கிறது, சரி, ஆனால் ஆட்கள் பேசுவது விளங்கவில்லை. வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். தனியாக ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர் வைத்துப் பார்த்தார்கள். அதற்கும் அதே குறை. காளீஸ்வரன் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து கேட்டான். படத்தில் ஒருத்தி புடவை மடிக்கும் சரசரப்புகூடத் தெளிவாகக் கேட்டது. அவனுக்குக் குழப்பமாக இருந்தது.

இந்த இடத்தில் காளீஸ்வரனின் அக்கா பாண்டிச்செல்வியைச் சொல்லியாக வேண்டும். அவனைவிட எட்டு வயது மூத்தவள். அண்ணாச்சியின் கம்பெனியில் பதினோரு வருடமாக, வெடிக்குழாயில் மருந்து செலுத்தும் அறையில் வேலை. அப்பா போன பிறகு அவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்ததும், கடைக்கு முன்பணம் கொடுத்ததும் அவள் கைக்காசு. விரலில் ஒட்டிய வெள்ளிநிற மருந்து எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தனக்கென்று ஒரு கல்யாணத்தைக்கூட அவள் யோசிக்கவில்லை. யோசிக்க அம்மா மாரித்தாயும் தம்பியும் விடவில்லை என்று சொல்வதுதான் நியாயம்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு விஷயம் சொன்னாள். தீபாவளி சீசனில் ஒவ்வொரு தயாரிப்பிலிருந்தும் ஐந்து வெடியை எடுத்துக் கம்பெனிக்குப் பின்னால் உள்ள பொட்டலில் வெடித்துக் காட்டுவார்கள். அண்ணாச்சி முதுகைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவர் தலையாட்டினால்தான் அந்தச் சரக்கு பெட்டிக்குள் போகும். சத்தத்தை அளக்கிற மீட்டர் அதிகாரிகள் வரும் அன்றைக்கு மட்டும் மேஜை டிராயரிலிருந்து வெளியே வரும். அண்ணாச்சியின் காதுதான் அந்தக் கம்பெனியின் பேர். வடக்கே இருந்து வரும் வியாபாரிகள் அந்தக் காதை நம்பித்தான் ஆர்டர் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர் இந்த வருடம் தொட்டதற்கெல்லாம் முகத்தைச் சுளிக்கிறாராம்.

"வெடி மந்தமா இருக்கு, சத்தம் பத்தலங்காக," என்றாள் பாண்டிச்செல்வி. "முனியராஜ் அண்ணன் என்ன பண்ணும், பாவம். மருந்தக் கூட்டு, நல்லா இறுக்கிக் குத்துங்குது. இறுக்கையில கொஞ்சம் உரசுனாலும் பத்திக்கும்டா."

முனியராஜ் அங்கே ஃபோர்மேன். காளீஸ்வரன் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீசன் நேரத்தில் யார் வீட்டில்தான் இந்தப் பேச்சு இல்லை என்று சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிட்டான்.

மூன்றாவது தடவை அண்ணாச்சி வீட்டுக்குப் போனபோது, கோளாறு எந்த ஸ்பீக்கரில் என்று கண்டுபிடிக்க, கனத்த சத்தத்தில் தொடங்கி ஊசிச் சத்தம்வரை ஒவ்வொன்றாக ஏற்றி ஓடவிட்டான். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து, கம்பெனிப் பொட்டலில் நிற்பது போலக் கண்ணை மூடிக் கேட்டார். சத்தம் மெலிந்து, கூர்ந்து, கீச்சென்று காதைக் குடைய ஆரம்பித்தது. சமையலறையிலிருந்து அவர் மனைவி சுப்புலட்சுமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். காளீஸ்வரனுக்கே பல் கூசியது.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். "ஏன் தம்பி நிறுத்திட்ட? ஓடவிடு," என்றார்.

கீச்சுச் சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

 நாற்பது வருட வெடிச்சத்தம் அண்ணாச்சியின் காதைத் தின்றுவிட்டிருந்தது. இடி கேட்கும்; கூர்மை கேட்காது. பேச்சில் துணி சுற்றியிருப்பதும் வெடி மந்தமாக இருப்பதும் ஒரே நோய் என்று அந்த நிமிடத்தில் அவனுக்கு விளங்கியது. அவர் கேட்க முடியாத சத்தத்துக்காக அக்கா குழாயில் மருந்தை இறுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.  ஒயரை மாற்றிப் பார்க்கிறேன் அண்ணாச்சி என்று என்னவோ உளறிவிட்டுக் கிளம்பினான்.

சுப்புலட்சுமி கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும் தம்பி. அவுககிட்ட யாரு போயிச் சொல்றது? காதாலயே பேரெடுத்த மனுசன். தீபாவளி லோடு போகட்டும், நானே மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன். அதுவரைக்கும் நீ வெளிய மூச்சு விட்டுறாத."

காளீஸ்வரன், "எங்க அக்கா..." என்று ஆரம்பித்தான். பிறகு விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினான். கூட்டிய மருந்தைப் பற்றி அந்த அம்மாளுக்குத் தெரியாது. காது போனதும் மருந்து கூடியதும் இரண்டும் தெரிந்தவன் இவன் ஒருத்தன்தான். பெரிய வீட்டு அம்மா கண்கலங்கிக் கேட்டார் என்பது ஒரு காரணம். ஊரில் நாலு பெரிய வீட்டுக் கதவு இவர்கள் சொல்லால் திறக்கும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தை அவன் தனக்குத்தானேகூட ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் அக்காவிடம், கொஞ்ச நாள் லீவு போடேன் என்று பட்டும்படாமல் சொல்லிப் பார்த்தான். சீசனில் லீவு போட்டால் போனஸை நீயா தருவாய் என்று அவள் சிரித்தாள். உண்மையைச் சொன்னால் முனியராஜ் காதுக்குப் போகும், கம்பெனி முழுக்கப் பரவும், அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான். மறுநாளும் அப்படியே இருந்தான். பயம் ஒருபக்கம், நாளைக்கு என்ற சோம்பல் ஒருபக்கம். மனுசன் இப்படித்தான் வீணாய்ப் போகிறான்.

பன்னிரண்டாவது நாள், பதினோரு மணிக்கு, மருந்து செலுத்தும் அறை வெடித்தது. கடையில் நின்ற காளீஸ்வரனுக்கே தரை அதிர்ந்தது. மூன்று பெண்கள். பாண்டிச்செல்வியை அவள் கால் மெட்டியால் அல்ல, அவளுக்கு மெட்டி ஏது, முழங்காலில் இருந்த பழைய தழும்பால் அடையாளம் சொன்னான். அம்மாவைப் பார்க்கவிடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணாச்சி வந்தார். முனியராஜைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. அண்ணாச்சி முன்ஜாமீன் வாங்கியிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். மாரித்தாய் அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவும் திட்டவும் அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

அண்ணாச்சி அதன் நுனியில் உட்கார்ந்தார். பிறகு காளீஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"முனியராஜ் ஏன் மருந்தக் கூட்டுனான்னு எனக்கு வெளங்கல தம்பி. நான் சத்தம் பத்தலன்னு மட்டுந்தான் சொன்னேன். நீ சத்தம் தெரிஞ்சவன், நீ சொல்லு. பத்தாத சத்தத்தப் பத்தலன்னு சொன்னது தப்பா?"

அவர் நடிக்கவில்லை. அதுதான் காளீஸ்வரனால் தாங்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடி, உதடு அசைவது தெரியாமல் சொன்னான். வெடிச்சத்தம் சரியாகத்தான் இருந்தது, உங்கள் காதுதான் போய்விட்டது, எனக்கு முன்னாடியே தெரியும் என்றான்.

அண்ணாச்சி காதை அவன் பக்கம் நீட்டினார். "என்ன தம்பி? வாய்க்குள்ளயே பேசுற."

அடுப்படியில் இருந்த அம்மாவுக்கும் அது கேட்டிருக்கவில்லை. ஒன்றுமில்லை அண்ணாச்சி என்று சொல்லிவிடலாம். எழுந்து போய்விடலாம். காளீஸ்வரன் இரண்டையும் நினைத்துப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

"சத்தம் சரியாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான் காது கேக்கல. எனக்கு அது தெரியும். மருந்தக் கூட்டுறாகன்னும் தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லல."

அண்ணாச்சியின் கை மெல்ல எழுந்து தன் காதைத் தொட்டது.  அவரை யாரும் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் மாரித்தாயைத்தான் பார்த்தார்கள்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்து மகனிடம் வந்தாள்.

"எப்பருந்துலே தெரியும்?"

"வெடிக்கிறதுக்குப் பன்னெண்டு நாளு முன்னாடிம்மா."

மாரித்தாய் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பன்னெண்டு நாளும் காலையில ஆறு மணிக்கு அவள உசுப்பி விட்டது நாந்தான்லே," என்றாள். "ஒரு நா, ஒடம்பு அசதியா இருக்கு, இன்னைக்கு ஒரு நா தூங்குறேம்மான்னா. நாந்தான் கையப் பிடிச்சுத் தூக்கி வேலைக்கு அனுப்புனேன்."