சொன்ன பேச்சு கேட்கும் ஆடு

மூன்றாம் தடவையும் பெல்கா வந்துவிட்டாள். காலியாகக் கிடந்த சதுக்கத்தின் ஒரு மூலையில் நின்றுகொண்டு மேயர் போஷ்கோ, கதையில் வரும் தாய் ஆட்டின் குரலில் "குத்ரா, வீட்டுக்கு வா" என்று கூப்பிட, எதிர்மூலையில் நின்றிருந்த வெள்ளாடு பெல்கா, அது தன் பெயர்கூட இல்லையே என்று ஒரு கணமும் யோசிக்காமல் நேராக நடந்துவந்து அவர் முழங்காலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். ஒத்திகையை நடத்திக்கொண்டிருந்த கலாச்சார மன்ற இயக்குநர் லுபிங்கோ கையிலிருந்த தாளால் முகத்தை மூடிக்கொண்டார். பெல்காவை வளர்த்த மிலுங்கா தன் ஆட்டைப் பார்த்தாள். பிறகு யாருடைய கண்ணையும் சந்திக்க வேண்டியில்லாத இடமாகத் தேடி, துணி போர்த்தி நின்ற சிலையைப் பார்த்தாள்.

திரெனிக்கா நகரில் பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே குத்ராவின் கதையைக் கேட்டுவிடுவார்கள். பாலத்தைத் தாண்டாதே, பாதிரியார் தோட்டத்து முட்டைக்கோஸைத் தொடாதே என்று தாய் ஆடு சொல்லி அனுப்புகிறது. குட்டி ஆடு குத்ரா பாலத்தைத் தாண்டுகிறாள், முட்டைக்கோஸைத் தின்கிறாள், விரட்டி வந்த பாதிரியாரின் தொப்பியையும் தின்கிறாள். தாய் இக்கரையில் நின்று மூன்று தடவை கூப்பிடுகிறது. மூன்று தடவையும் குத்ரா திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டுகிறாள். இருட்டிய பிறகு, தானாக மனம் வந்து வீடு திரும்புகிறாள். கழுத்து மணி எங்கே என்று தாய் கேட்கிறது. "அதையும் தின்னுட்டேன்" என்கிறாள் குத்ரா. அவ்வளவுதான் கதை. கடைசியில் ஒரு நீதியை ஒட்டவைக்கப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக முயன்றிருக்கிறார்கள். பிள்ளைகள் சரியாக அந்த இடத்தில் தூங்கிவிடுவார்கள்.

இப்போது அந்தக் குத்ராவுக்கு வெண்கலத்தில் சிலை. நகரசபை அதற்காகப் பல மாதங்கள் கூடிப் பேசியது. சிலை எப்படி இருக்க வேண்டும் என்பதில் சண்டை இல்லை. அதன் பின்பக்கம் யாரைப் பார்க்க வேண்டும் என்பதில்தான். ஒரு பக்கம் தேவாலயம், ஒரு பக்கம் நகரசபைக் கட்டடம், ஒரு பக்கம் வங்கி. கடைசியில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஸபர்த்யே கிராமத்தை நோக்கி அது இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னார். குத்ரா எங்கள் ஊர்க்காரி என்று நெடுங்காலமாக உரிமை கொண்டாடும் கிராமம் அது. அந்த நகரசபையின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

திறப்பு விழாவுக்குத் தலைநகரத்திலிருந்து கலாச்சாரத் துறைத் துணை அமைச்சர் வருவதாக இருந்தது. வெறும் சிலையை மட்டும் காட்டினால் போதாது, கதையே உயிரோடு நடக்க வேண்டும் என்று லுபிங்கோ திட்டம் போட்டார். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரைக்கும் சிற்றுண்டிக்கும் நடுவே 'ஆடு கீழ்ப்படிய மறுத்தல்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. மறுக்கப்போகும் ஆட்டின் சொந்தக்காரருக்குச் சிலைக்குப் பக்கத்தில், லிண்டன் மர நிழலில், நிரந்தரமாக ஒரு கடை.

மிலுங்காவுக்கு அந்த நிழல் வேண்டும். டயர் கடைக்குப் பின்னால், எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே மேசை போட்டு ஆட்டுப்பால் சீஸ் விற்றே அவளுக்கு இடுப்பு வளைந்துவிட்டது. வழி தவறி வருகிற சுற்றுலாப் பயணிகள்தான் வாடிக்கை. அவர்களைப் பிடித்துவைக்க அவள் பெல்காவின் கழுத்தில் 'குத்ராவின் நேர் வாரிசு' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். ஒரு ஜெர்மன்காரரின் பாஸ்போர்ட்டைத் தின்றவள், கல்யாணப் பெண்ணின் முக்காட்டைத் தின்றவள், போலீஸ்காரரைக் கிணற்றடி வரை துரத்தியவள். பயணிகள் பயந்து பயந்து படம் எடுத்துக்கொண்டு, அந்தப் படபடப்பிலேயே ஒரு கட்டி சீஸும் வாங்குவார்கள். உண்மையில், குட்டியிலேயே தாயை இழந்து, மிலுங்காவின் அடுப்போரத்தில் புட்டிப்பால் குடித்து வளர்ந்த பெல்கா, வாசற்படியில் நின்று உள்ளே வா என்று சொன்ன பிறகுதான் வருவாள். மிலுங்காவின் கணவர் விதோமிர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தன் பஸ்ஸில் இவளைப் போல ஒழுங்கான ஒரு பயணி ஏறியதே இல்லை என்பார்.

"அக்கா, ஒரு ஆடு சொன்ன பேச்சு கேக்கக் கூடாது. அவ்வளவுதானே கேக்குறேன்? ஊர்ல இருக்கிற எல்லா ஆடும் அதைத்தானே செய்யுது?" என்றார் மேயர், பெல்காவின் தலையை முழங்காலிலிருந்து மெதுவாக விலக்கியபடி.

"நல்லா வளர்த்துட்டேன் தம்பி. தப்புதான்."

மேயருக்கு முகம் சுருங்கியது. அவர் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே மிலுங்காவுக்கு அவர் தம்பிதான். ஆனால் பதவிக்கு வந்த பிறகு பொது இடத்தில் அப்படிக் கூப்பிட்டால் அவருக்கு உடம்பு கூசும். அவர் குரலை இறக்கி, ஸபர்த்யேயிலிருந்து யாகோதா என்பவளின் கிடாவைக் கூட்டிவரச் சொல்லி லுபிங்கோ யோசனை சொல்வதாகவும், அந்தக் கிடா போன வாரம்தான் தபால்காரரின் பையைக் கிழித்ததாகவும் சொன்னார். அக்கரை ஆடு, அக்கரைக்காரி, லிண்டன் மர நிழல். விழாவுக்குள் பெல்காவைக் கெடுத்துவிடுவதாக மிலுங்கா வாக்குக் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுவதும் கெடுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுத் தோட்டத்துக் கதவைத் திறந்து பெல்காவை உள்ளே தள்ளி, "தின்னுடி, கண்ணு, யாரும் பாக்கல" என்று கெஞ்சினாள். பெல்கா முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவே ஒரு இலையையும் மிதிக்காமல் போய்த் திரும்பி வந்து நின்றாள். மிலுங்கா விதோமிரின் தொப்பியில் உப்பைத் தடவி நீட்டினாள். பெல்கா உப்பை நக்கிவிட்டுத் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தாள். கூப்பிட்டால் வராதே என்று எப்படிச் சொல்லித் தருவது? அதைச் சொல்வதற்கே அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"நம்ம மாப்பிள்ளைகிட்ட ரெண்டு நாள் விட்டுப் பாரு. அவன் மாமனார் பேச்சை ஒரு நாளாவது கேட்டிருக்கானா?" என்றார் விதோமிர், உப்புத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே.

விழா நாளில் வெயில் இதமாக இருந்தது. ஊதுகுழல் குழு வந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரு கயிற்றுக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில், ஒருவேளை தேவைப்பட்டால் என்று வரவழைக்கப்பட்ட யாகோதா தன் கிடாவின் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மிலுங்காவைப் பார்த்து மிகுந்த அன்போடு சிரித்தாள். மேயர் புதுத் தொப்பியும் தோளில் பதவிப் பட்டையும் கழுத்தில் பதக்கமும் போட்டுக்கொண்டு மேடையேறி, கீழ்ப்படியாமையே நம் மண்ணின் பெருமை, அடங்காத ஆன்மாவே நம் சொத்து என்று நெடுநேரம் பேசினார். நடுவில் இரண்டு முறை பேச்சை நிறுத்தி, யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைகளை எச்சரித்தார். துணியை விலக்கினார்கள். வெண்கல குத்ரா ஸபர்த்யேக்குப் பின்பக்கம் காட்டி நின்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு மேயர் ஒலிபெருக்கியில், "குத்ரா, வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டார்.

பெல்கா வந்தாள். முதல் கூப்பாட்டிலேயே வந்தாள். மேடைப் படிகளில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறி, அவர் முழங்காலில் நெற்றியைச் சாய்த்தாள். சதுக்கம் அமைதியானது. முன்வரிசையில் ஒரு சிறுமி, "இது குத்ரா இல்ல" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, எல்லாருக்கும் கேட்டது. துணை அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாகோதா கயிற்றைத் தளர்த்தத் தொடங்கினாள். மேயர் உதட்டை அசைக்காமல், "போ, போ" என்றார். தள்ளினார். முழங்காலால் நெம்பினார். பெல்கா அதைக் கொஞ்சலாக எடுத்துக்கொண்டு இன்னும் நெருங்கினாள்.

கீழே நின்ற மிலுங்காவுக்குத் தன் பாஸ்போர்ட் கதை, முக்காட்டுக் கதை, போலீஸ்காரர் கதை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உரிந்து விழுவது போலிருந்தது. கடை போயிற்று. அதைவிட, மேடையில் அந்தப் பிராணியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருப்பது பொறுக்கவில்லை. ஆட்டைக் கீழே கூட்டிவந்துவிடலாம் என்றுதான் அவள் மேடையேறினாள். ஆனால் மேயர் அதற்குள் ஆட்டின் கொம்பைப் பிடித்துவிட்டிருந்தார்.

"விடு அவளை. அவ போகமாட்டா. நீ போ தம்பி" என்றாள் மிலுங்கா. ஒலிபெருக்கி அதைச் சதுக்கத்தின் நான்கு மூலைக்கும் கொண்டுபோனது.

யாரோ அதட்டினால் கேட்டுவிடுகிற பழக்கம் மேயருக்கும் எங்கோ மிச்சமிருந்திருக்க வேண்டும். அவர் போனார். படியிறங்கி நடந்தார். பெல்கா பின்னால் நடந்தாள். அவர் வேகமாக நடந்தார். அவளும். "வராதே" என்று திரும்பிக் கத்தினார். அவள் வந்தாள். அவர் ஓடினார். வயிறும் பட்டையும் பதக்கமும் குலுங்கச் சிலையைச் சுற்றி மேயர் ஓட, குளம்புகள் தட்தட்டென்று ஒலிக்கப் பெல்கா பின்னால் ஓட, தொப்பி கழன்று விழ, அதை மிதித்துவிடாமல் அவள் விலகி ஓட, கயிற்றுக்குப் பின்னாலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து கயிற்றைத் தாண்டிவிட்டார்கள். ஊதுகுழல் குழுவுக்கு ஆடு ஓடும்போது வாசிக்கச் சொல்லியிருந்தது. ஆடு ஓடியது, அவர்கள் வாசித்தார்கள். துணை அமைச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, மரபைப் புதிய கோணத்தில் அணுகியிருக்கிறார்கள் என்று தொலைக்காட்சிக்குச் சொன்னார். அந்தக் கோணம் தன்னுடையதுதான் என்று லுபிங்கோ அடக்கத்தோடு ஒப்புக்கொண்டார். மேயர் நகரசபைக் கட்டடத்துக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். பெல்கா உள்ளே வா என்று யாராவது சொல்வதற்காக வாசலில் காத்து நின்றாள். இந்த அமளியில் யாகோதாவின் கிடா சிற்றுண்டி மேசை விரிப்பில் பாதியையும், சிலைக்குப் போட வைத்திருந்த மாலையையும், மிச்சமிருந்த நிகழ்ச்சி நிரல்களையும் தின்று முடித்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் சதுக்கம் காலியான பிறகும் கடையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. விதோமிர் யாரையும் கேட்கவில்லை. டயர் கடைக்குப் பின்னாலிருந்து மேசையைத் தூக்கிவந்து லிண்டன் மரத்தடியில் போட்டு, ஆடாமல் இருக்க ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தார். 'குத்ராவின் நேர் வாரிசு' அட்டை. பிறகு மேசையோரத்தில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். சீஸ் கட்டிகளை அடுக்கிவிட்டு மிலுங்கா ஆட்டைத் தேடிப் போனாள்.

நகரசபைப் படிகளில் மேயர் பட்டையும் பதக்கமும் இல்லாமல், சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முழங்காலில் பெல்காவின் தலை. விழாவில் மிஞ்சிய கீரைப் பணியாரத்தை அவர் பிட்டுப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில், "போ" என்றார், மிகச் சன்னமாக.

மிலுங்கா கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"நேரமாச்சு. பெல்கா, வா."

பெல்கா ஒரு காதை நிமிர்த்தினாள். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். மேயர் கையில் இன்னும் ஒரு துண்டு இருந்தது. பெல்கா நிதானமாகத் திரும்பி நின்று, தன் வெள்ளைப் பின்பக்கத்தை மிலுங்காவுக்குக் காட்டிவிட்டு, மீண்டும் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள்.

மிலுங்கா அவசரமாகச் சுற்றிலும் பார்த்தாள். சதுக்கத்தில் ஒரு பயணியும் இல்லை, படம் எடுக்க ஒருவரும் இல்லை. வெண்கல குத்ராவின் பின்பக்கத்தில் கடைசி வெயில் மஞ்சளாகப் பட்டுக்கொண்டிருந்தது.