பஞ்சர் தொட்டித் தண்ணீர்

“பழைய செவுத்துல அப்படி என்னடி இருக்கு, வாயப் பொளந்து பார்க்குற?” என்று சித்தப்பா ஒருநாள் அவளைக் கேட்டிருந்தார். சுவரில் மங்கிப்போன பழைய விளம்பரங்கள் மழையில் நனைந்தால் தெரியும் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம்.

இன்று அவர் கடப்பாரையோடு வந்து, அப்பாவைச் சைக்கிள் கடையிலிருந்து தெருவுக்கு இழுத்துத் தள்ளினார்.

“ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்ச கடைடா!” என்றார் அப்பா.

“அண்ணனாவது நொண்ணனாவது! கடை எனக்கு மட்டுந்தான்.”

சித்தப்பா ஓங்கி அடித்ததில் அப்பாவின் மண்டை பிளந்தது. அவள் பஞ்சர் பார்க்கும் தொட்டித் தண்ணீரை வெளிச்சுவரில் வீசினாள். சித்தப்பா இளவயதில் தன் கையாலேயே எழுதிய விளம்பரம் மெல்லத் தெரிந்தது: ‘அண்ணன் தம்பி சைக்கிள் கடை’.

வெறிபிடித்தவராய் ‘அண்ணன்’ என்ற எழுத்துகளைக் குத்திக் குத்திப் பெயர்த்தார். ‘தம்பி’க்கு வந்ததும் ஓங்கிய கை அப்படியே நின்றது. கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.