முதல் ஓனருக்கு முன் சீட்டு

எங்கள் ஊரில் ஒரு காரை விற்றால் விற்றவரும் காரோடு போக வேண்டும். வாங்கியவர் அதை ஓட்டும்போதெல்லாம் பழைய ஓனர்கள் உள்ளே இருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் காலையில் டவுன் பஸ் பிடித்து வாங்கியவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இறந்துபோனவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. சக்கரம் உருண்டதும் தங்கள் இடத்தில் இருப்பார்கள், வண்டியை நிறுத்தி அணைத்ததும் போய்விடுவார்கள். முதல் ஓனருக்கு முன் சீட்டு, மற்றவர்களுக்குப் பின்னால். சிங்கிள் ஓனர் வண்டிக்கு இத்தனை கிராக்கி இருப்பது இதனால்தான். நாலைந்து கை மாறிய வண்டியை வாங்கினால் பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தான் மட்டும் கோயிலுக்குப் போய்வர வேண்டியதுதான்.

பழைய ஓனர்கள் தாங்களாக வாய் திறக்கக் கூடாது. இப்போதைய ஓனர் கேட்டால் சொல்லலாம், அதுவும் வண்டியைப் பற்றி மட்டும். மற்றபடி கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வர வேண்டும். திரும்பிப் பார்ப்பது வழக்கமில்லை.

வசந்தாமணி தன் புருஷன் நாச்சிமுத்துவின் காரை விற்றது அவர் குரலைக் கேட்பதற்காக.

நாச்சிமுத்து கூட்டுறவுச் சங்கத்தில் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு கார் எடுத்தார். குள்ளமாக, ஆனால் ஜீப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி கார். ஷோரூமிலிருந்து நேராக வீட்டுக்கு வந்திருக்கலாம். மனுஷன் வழியில் கோயிலில் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தன் அக்காளை வரவழைத்து ஆரத்தி எடுக்கச் சொல்லிவிட்டார். இங்கே வீட்டு வாசலில் வசந்தாமணி பட்டுச்சேலை கட்டி ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். கார் வந்து நின்றபோது அதன் நெற்றியில் நாத்தனார் வைத்த குங்குமம் காய்ந்துபோயிருந்தது.

"ஆரத்தி எடுத்தவங்களையே வெச்சு ஓட்டிக்குங்க," என்று சொல்லித் தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தக் காரில் அவள் காலே வைக்கவில்லை. அவர் தனியாகவே ஓட்டினார். இருவருக்கும் இடையே பேச்சு சோறு, தண்ணீர் என்ற அளவுக்குச் சுருங்கியது. தினமும் காலையில் கிளம்பும்போது கார்க் கதவைப் படார் படாரென்று இரண்டு தடவை சாத்துவார். சமையலறையில் தன் காதில் விழட்டும் என்றே அப்படிச் சாத்துகிறார் என்று வசந்தாமணி எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கடைசிவரை அவர் தன்மேல் கோபமாகத்தான் இருந்தாரா? அவளுக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

வாரிசு என்ற முறையில் வண்டி அவள் பேருக்கு மாறி, அவள் இரண்டாவது ஓனர் ஆனாள். டிரைவர் வைத்து ஓட்டச் சொல்லி, வாசலில் நின்று பார்த்தாள். முன் சீட்டு காலியாகவே வந்தது. ஓனரே ஓட்டினால்தான் பழைய ஓனர் வருவார். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து பார்த்தாள். முழங்கால் தேய்ந்திருந்ததால் கிளட்ச்சை மிதிக்க முடியவில்லை. ஆகவே விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாங்க வந்தவர்கள் பானெட்டைத் திறந்து பார்த்தார்கள், டயரை உதைத்துப் பார்த்தார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டார்கள். வசந்தாமணி அவர்களிடம், "நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தூரம் ஓட்டுவீங்க?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன் என்ற வாத்தியாரை, காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். மோகனசுந்தரம் மாட்டுத்தீவன ஏஜென்ட். சுற்றுவட்டாரத்தில் ஒரு பட்டி பாக்கியில்லாமல் தினமும் சுற்றுகிறவன். அவனுக்கே கொடுத்தாள்.

முதல் நாள் அவன் வாசலில் போய் நின்று, பின் சீட்டில் ஏறினாள். அந்த வண்டியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. வண்டி நகர்ந்ததும் முன் சீட்டில் நாச்சிமுத்து இருந்தார். அரைக்கை வெள்ளைச் சட்டை. பிடரியில் முடி வளர்ந்து, வெட்ட வேண்டிய பருவத்தில் இருந்தது. அவர் அசையும்போதெல்லாம் சீட்டு சரசரத்தது. கம்பெனி போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அதில் இன்னும் அப்படியே இருந்தது.

"மைலேஜ் எப்படிங்ணா?" என்றான் மோகனசுந்தரம்.

"டவுனுக்குள்ள சுமாருங்க. ரோட்ல வுட்டா சொகமா குடுக்கும்," என்றார் நாச்சிமுத்து.

அந்தக் குரலைக் கேட்டதும் வசந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் மோகனசுந்தரம் கேட்டதெல்லாம் ஏசி எப்படி, வேகத்தடையில் அடி தட்டுமா, உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதுதான். நாச்சிமுத்துவும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டில் அவளிடம் அவர் இத்தனை பேசியதில்லை. தவிட்டு வாசமும் பிண்ணாக்கு வாசமும் அடிக்கும் வண்டியில், மழைக்காலம் முழுக்க அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டு அவள் போய்வந்தாள். கேட்க வேண்டியதை இந்தப் பாழாய்ப்போனவன் கேட்டால் ஆகாதா என்று வயிறெரிந்தாள்.

ஒரு நாள் சரசரப்பு தாங்காமல் அவனே கேட்டான்.

"ஏனுங்ணா, இந்த பிளாஸ்டிக்கப் பிரிக்கவே இல்லீங்களா?"

"இல்லீங்க. இந்த சீட்டுல ஆரும் உக்காரல."

"கதவு மட்டும் நல்லா லேசா இருக்குதுங்களே."

"அதத் தெனமும் காலைல தெறந்து வெச்சிருப்பனுங்க. கொஞ்ச நேரம் பாப்பேன். ஆரும் வர்லீன்னா சாத்திப்போட்டு, சுத்தி வந்து என்ர பக்கம் ஏறிச் சாத்திக்குவேன்."

"எதுக்குங்க தெனமும்?"

"தெறக்காமயே வுட்டா கீலு இறுகிக்குமுங்க."

வசந்தாமணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இரண்டு சத்தத்தில் ஒன்று தனக்காகத் திறந்த கதவு. அத்தனை காலையும் அடுப்படியில் நின்றுகொண்டு அதை வசவாகக் கேட்டிருக்கிறாள்.

மோகனசுந்தரம் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க்கா. வண்டில ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?"

"வண்டி பேர்ல ஒரு குறையும் இல்லீங்க," என்றாள் வசந்தாமணி. "ஏறாம இருந்தது என்ர தப்பு."

அதுவும் வண்டியைப் பற்றியது என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. நாச்சிமுத்துவின் பிடரி அசையவில்லை. அவரிடம் அடுத்து ஏதாவது கேட்பான் என்று அவள் துடித்துக்கொண்டிருந்தாள். மோகனசுந்தரம் வைப்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

அன்றைக்குத்தான் புறவழிச்சாலையைத் திறந்துவிட்டிருந்தார்கள். டீசல் மிச்சமாகும் என்று அவன் வண்டியை அதில் விட்டான். சாலைக்கு நிலம் கொடுத்தவர்கள் எல்லோரும் அவரவர் நிலம் இருந்த இடத்தில், தார் மேலேயே, நாற்காலியும் கட்டிலும் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டிகள் ஒவ்வொருவர் அருகிலும் வேகம் குறைத்து, மண் எப்படி என்று கேட்டுவிட்டுப் போயின. நீண்ட சாலை என்பதால் நேரம் பிடித்தது.

ஓர் இடத்தில் பச்சைத் துண்டு போட்ட பெரியவர் கையைக் காட்டி நிறுத்தி, பின் கண்ணாடி வழியே குனிந்தார்.

"வசந்தாமணி, உங்கப்பன் உனக்குக் குடுத்த ஒன்றரை ஏக்கரா இதுலதான போச்சு? சேர் போட்டு வெச்சிருக்கறோம், எறங்கி வா."

இறங்கினால் அவள் இல்லாமல் வண்டி ஓட முடியாது. இறங்காவிட்டால் நிலம் ஆளில்லாமல் கிடக்கும். மோகனசுந்தரம் சற்று யோசித்தான். அவன் மேல் தப்புச் சொல்ல முடியாது, வண்டி ஓடினால்தான் அவனுக்குப் பிழைப்பு. நாற்காலியை ஓரமாக எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, அந்த ஒன்றரை ஏக்கருக்குள்ளேயே வண்டியை வட்டமாக ஓட்டத் தொடங்கினான். தீவனம் வேண்டியவர்கள் இனி இங்கே வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று பெரியவரும் சொன்னார்.

சுற்றச் சுற்ற, கேட்க அவனிடம் கேள்விகள் தீர்ந்துவந்தன. டயர் தேய்மானம், பேட்டரி, ஹார்ன் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பொழுது போகாமல், "இந்த வண்டிய ஆருக்குன்னுங்ணா எடுத்தீங்க?" என்றான்.

"என்ர வீட்டுக்காரிக்குங்க," என்றார் நாச்சிமுத்து.

"அவிங்களுக்குப் புடிச்சுதுங்களா?"

"இன்னும் ஏறலீங்க," என்றார். "ஏறுவா."

இறந்தவர்களுக்கு ஓனரின் குரல் மட்டும்தான் கேட்கும் என்பது வசந்தாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு பால் வண்டி அவர்களோடு ஒட்டி வந்து வேகத்தைக் குறைத்தது. டிரைவர் கண்ணாடியை இறக்கி, "மண்ணு எப்படிங்கம்மா?" என்று கேட்டான்.

"நல்ல மண்ணுங்க," என்றாள் வசந்தாமணி. "தண்ணி மட்டும் ஆழத்துல கெடக்குது."

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனான். மோகனசுந்தரம் ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி அடுத்த சுற்றுக்குத் திரும்பியது.