படிக்கட்டில் கேட்ட டிரம்ஸ்

சுப்பராமனுக்கு ஆபீஸ் நந்தனத்தில். மாலையில் ஃபைலைக் கட்டி வைத்துவிட்டு நடந்தாலே தேனாம்பேட்டை வீட்டுக்கு இருட்டும் முன் வந்துவிடலாம். வந்தும் விடுவார். ஆனால் மாடிக்கு ஏறமாட்டார். படிக்கட்டின் திருப்பத்தில், மின்சார மீட்டருக்குக் கீழே கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துகொள்வார். மடியில் ஒரு லைப்ரரிப் புத்தகம் திறந்திருக்கும். மேலே அவர் மனைவி சாருலதா டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருப்பாள்.

பெண்கள் மட்டுமே இருக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் அவள் டிரம்மர். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது இவர் உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தினார். சாரல் அடித்தது, அவ்வளவுதான். அவள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள். சாரல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளாகப் புரிந்துகொள்வாள் என்று இவர் சும்மா இருந்துவிட்டார். அவளும் புரிந்துகொண்டாள், வேறு மாதிரி. இவருக்குச் சத்தம் ஆகாது என்று.

அன்றிலிருந்து வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வாசிப்பு நின்றுவிடும். "வாசியேன்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பரவாயில்லன்னா, முடிஞ்சுது" என்று துணியைப் போட்டு மூடிவிட்டாள். அதற்கு மேல் வற்புறுத்தத் தெரிந்த மனிதர் அல்ல. படிக்கட்டுக்கு வந்துவிட்டார்.

கீழ்வீட்டு அமீனா பீ முதலில் சாவி தொலைத்துவிட்டாரோ என்று நினைத்தாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தினமும் இஞ்சி தட்டிப் போட்ட டீயை ஒரு கிளாஸில் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போவாள். அதைக் குடித்துவிட்டு மேலே போய் சாருலதாவின் காபியைப் பாதி மீதி வைப்பார். "ஆபீஸ் டீயைக் குடிச்சுட்டு வரேள்" என்பாள். அவர் மறுக்கமாட்டார்.

அந்த டிரம்ஸ் குழுவுடையது. குழுவை நடத்தும் ஜானகி இனி அது தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று வண்டி அனுப்பி எடுத்துப் போய்விட்டாள். மேல்வீடு மாலைகளில் பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தது. சுப்பராமன் நேராக மேலே போனார். அமைதியாகப் படித்தார். ஒரு பக்கமும் மனதில் நிற்கவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது சாருலதா ஆரம்பித்தாள். "சொந்தமா ஒண்ணு வாங்கிக்கப் போறேன். எலெக்ட்ரானிக் செட். ஹெட்ஃபோன மாட்டிண்டா வெளில பொட்டு சத்தம் வராது. நீங்க பாட்டுக்குப் படிச்சுண்டிருக்கலாம்."

"உனக்கு எது பிடிச்சிருக்கோ…"

"எனக்கு அதான் பிடிச்சிருக்கு" என்றாள், மோரை விட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல். பொய் சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள்.

அவர் அந்த வாரம் முழுக்க, படியில் உட்கார்ந்து கேட்டதைச் சொல்ல வாயெடுத்தார். பல் தேய்க்கும்போது எடுத்தார், குடை தேடும்போது எடுத்தார். இத்தனை வருஷம் சொல்லாத ஒன்றை எந்த நுனியில் பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை. சனிக்கிழமை வந்துவிட்டது. தி.நகரில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள்.

முதலில் அவள் உட்கார்ந்தது சிவப்பாக நின்ற சாதாரண டிரம்ஸில்தான். ஒரு உருட்டு உருட்டிப் பித்தளைத் தட்டின்மேல் அடித்தாள். கடையே அதிர்ந்தது. சட்டென்று இவரைப் பார்த்தாள். தட்டின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஒலியை நிறுத்தினாள்.

"ரொம்ப சத்தம்" என்றாள்.

கடைக்காரர் கலீமுல்லா சிரித்தார். "சத்தம் வராம இருக்க இது இன்னா மேடம், தலகாணியா? சத்தம் வோணாம்னா இப்டி வாங்க. இத்த காதுல மாட்டிக்கினு இன்னா அடி அடிச்சாலும் பக்கத்து வூட்டுக்காரன் சண்டைக்கு வரமாட்டான். சார் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, சாருக்கு இதான் செட் ஆவும்."

வட்ட வட்டமாகக் கறுப்பு ரப்பர்த் தட்டுகள். சாருலதா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாசித்தாள். சுப்பராமனுக்குக் கேட்டதெல்லாம் டொக் டொக் என்ற சத்தம், யாரோ அடுத்த அறையில் பீன்ஸ் நறுக்குவது போல. அவள் தலை ஆடியது, தோள் ஆடியது. எங்கேயோ போய்விட்டாள். இனி தினமும் அவள் இப்படித்தான் போவாள் என்று நினைத்தார். படிக்கட்டில் உட்கார்ந்தால் இந்த டொக் டொக் கூடக் கேட்காது.

"இதையே பில் போட்டுடுங்கோ!" ஹெட்ஃபோனோடு அவள் கத்தினாள்.

"வேண்டாம்" என்றார் சுப்பராமன்.

அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள்.

"சார், அவங்களுக்குக் கேக்காது. தொண்டையத் தொறந்து சொல்லுங்க."

"சாரு! வேண்டாம்!"

கிட்டாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பின்னால், யாரும் தொடாத சிவப்பு டிரம்ஸில் ஸ்னேர் என்னும் சின்ன டிரம்மின் அடியில் கட்டிய கம்பிகள் அந்தக் குரலுக்கு ஸ்ர்ர் என்று அதிர்ந்து அடங்கின. சாருலதா ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"என்னன்னா, என்ன ஆச்சு?"

"நான் கேட்டுண்டுதான் இருந்தேன். தினம். படியில உக்காந்துண்டு."

"எதை?"

"உன்னைத்தான். வேகமா உருட்டிண்டு வரச்சே ஒரு இடத்துல தடுக்கும். 'கழுதை'ன்னு உன்னையே திட்டிப்பே. மறுபடியும் வாசிப்பே. சரியா வந்து, நீ முடிச்சப்புறம்தான் நான் மேல வருவேன்."

கலீமுல்லா ஒரு ஹார்மோனியத்தைத் துடைக்க ஆரம்பித்தார், அதில் தூசி இல்லாவிட்டாலும்.

"அன்னிக்கு ஜன்னல் சாத்தினது…" என்றார் சுப்பராமன். "சாரல் அடிச்சுது."

எந்த ஜன்னல் என்று அவள் கேட்கவில்லை. குச்சியை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அப்போ அந்த இஞ்சி வாசனை?"

"அமீனா பீ டீ."

"ஆபீஸ் டீன்னு சொன்னேளே?"

"நீயா சொல்லிண்டே. நான் ஒண்ணும் சொல்லலை."

"அதானே! நீங்க எதைத்தான் சொல்லியிருக்கேள்?" குச்சியால் அவர் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "கீழாத்து அம்மாக்குத் தெரியறது. எனக்குத் தெரியலை."

"இன்னா மேடம், எத்துக்கு பில் போடட்டும்?"

அவள் எழுந்து போய்ச் சிவப்பு டிரம்ஸின் தட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். இந்த முறை விரலால் பிடிக்கவில்லை. அது தானாக ஓயும்வரை நின்று கேட்டுவிட்டு, "இதுக்கு" என்றாள்.

திங்கட்கிழமை சுப்பராமன் படியில் உட்காராமல் நேராக மேலே போனார். நாற்காலியில் அமர்ந்து புத்தகத்தைத் திறந்தார். சாருலதா குச்சியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"நீங்க பாத்துண்டிருந்தா கை வரலைன்னா."

"நான் புஸ்தகத்தைப் பாக்கறேன்."

"எங்கே? ஒரு பக்கம் திருப்பலையே. போங்கோ, படிக்கே போங்கோ."

அவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கதவைச் சாத்தட்டுமா?"

"சாத்தினேள்னா பாருங்கோ!"

படித் திருப்பத்தில் அமீனா பீ கிளாஸோடு நின்றிருந்தாள். "இன்னா சார், மேல போன சூட்டுல எறங்கிட்டீங்க? தொரத்திட்டாங்களா?"

"ஆமாம்" என்று சந்தோஷமாகச் சொல்லி கிளாஸை வாங்கிக்கொண்டார்.

மேலே உருட்டு வேகமாக வந்து அதே இடத்தில் தடுக்கியது. "கழுதை!" என்று குரல் கேட்டது. சற்று நின்று, திறந்த கதவு வழியாக இன்னும் உரக்க, "கேட்டுதா?"

"கேட்டுது!" என்று கத்தினார் சுப்பராமன்.